பூச்சியத்தில் முடிந்த கணக்கு: 2¹²⁷ − 1 என்ற பகா எண்

170 141 183 460 469 231 731 687 303 715 884 105 727

மொத்தம் 39 இலக்கங்கள். சுருக்கி எழுதினால் 2¹²⁷ − 1. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் பழைய கதையை 64ஆம் கட்டத்தோடு நிறுத்தாமல் 127ஆம் கட்டம் வரை நீட்டினால் கிடைக்கும் மொத்த நெல்மணிகள் இவ்வளவு. இந்த எண் பகா எண் என்று 1876இல் பிரான்சின் எடுவார் லூக்காஸ் அறிவித்தார். அதன்பின் 75 ஆண்டுகள் உலகம் அறிந்த பகா எண்களில் மிகப் பெரியது இதுவாகவே இருந்தது. பொறி எதுவும் இல்லாமல் கையாலேயே கணக்குப் போட்டு நிறுவிய பகா எண்களில் மிகப் பெரியது என்ற இடம் இன்றும் அதற்குத்தான்.

கையால் போட்ட ஒரே ஒரு கணக்கை, அதுவும் 39 இலக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெருக்கல்கள் கொண்ட கணக்கை, எப்படி நம்புவது? இந்த எண்ணில் கவனிக்க வேண்டிய கேள்வி அதுதான். விடை அந்தக் கணக்கின் அமைப்பிலேயே இருக்கிறது.

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்த எண்ணைப் படியெடுக்கும்போது இலக்கம் மாறிப்போவது சகஜம். இலக்கங்களின் கூட்டுத்தொகை 154. 9ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். 2¹²⁷ஐ 9ஆல் வகுத்த மீதி 2 என்பதால் ஒன்று குறைத்து 1. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் இந்தச் சோதனை பிடிக்காது என்பதை மறக்கவேண்டாம். விரிதாளில் போட்டுப் பார்ப்பதோ வீண்வேலை. விரிதாள் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். விரிதாள் பயன்படுத்தும் 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் 2¹²⁷ − 1 என்று ஒன்றே கிடையாது, அது 2¹²⁷ ஆக உருண்டுவிடும். பகா எண்ணைத் தேடப்போய் இரட்டை எண்ணைச் சோதித்துக்கொண்டிருப்போம்.

மெர்சென் போட்ட பட்டியல்

2இன் அடுக்கிலிருந்து ஒன்று குறைத்தால் வரும் எண் பகா எண்ணாக இருக்கவேண்டுமானால் அடுக்கும் பகா எண்ணாக இருந்தாகவேண்டும். ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருப்பது மட்டும் போதாது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. 1644இல் பாதிரியார் மாரன் மெர்சென் 257 வரைக்கும் ஒரு பட்டியல் கொடுத்தார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இதில் 67உம் 257உம் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. ஆக, 127 என்பது ஐந்து பிழைகளுக்கு நடுவே சரியாக விழுந்த ஒன்று. மெர்சென் அதை எப்படி ஊகித்தார் என்பதைவிட, அவர் சொன்னதாலேயே இரண்டு நூற்றாண்டு கழித்து ஒருவர் அதைச் சோதிக்க உட்கார்ந்தார் என்பதுதான் முக்கியம்.

வகுத்துப் பார்த்தால் என்ன?

1772இல் ஆய்லர் 2³¹ − 1ஐ வகுத்துப் பார்த்தே முடித்தார். அதன் வர்க்கமூலம் 46,341க்குச் சற்றுக் கீழே. வகுக்கத் தகுதியுள்ள எண்களும் குறைவு. 127க்கு அந்த வழி செல்லாது. இந்த எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால் அது 254க + 1 (க ஒரு முழு எண்) என்ற வடிவில்தான் இருக்கமுடியும். மேலும் அதை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால் க என்பதை 4ஆல் வகுத்த மீதி 0 அல்லது 1 ஆகவேண்டும்.

சல்லடையை ஓட்டிப் பார்ப்போம். க = 1: 255, பகு எண். க = 4: 1017 = 9 × 113. க = 5: 1271 = 31 × 41. க = 8: 2033 = 19 × 107. க = 9: 2287, பகா எண். ஆக, உண்மையில் வகுத்துப் பார்க்கவேண்டிய முதல் எண்ணே 2287. சல்லடை நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் எல்லை 1.3 × 10¹⁹. அதுவரை தேறும் பகா எண்கள் சுமார் 1.2 × 10¹⁵. நிமிடத்துக்கு ஒரு வகுத்தல் என்றால் 230 கோடி ஆண்டு. காரணியைத் தேடாமலே பகா எண்ணா என்று சொல்லும் வழி வேண்டும்.

வரிசை

லூக்காஸ் கண்ட வழி பிபனாச்சி எண்களின் உறவினரிடமிருந்து வந்தது. 3இல் தொடங்கு. ஒவ்வொரு எண்ணையும் வர்க்கப்படுத்தி 2 கழி:

3, 7, 47, 2207, 4870847, 23725150497407, 562882766124611619513723647, …

ஒவ்வொரு படியிலும் 2¹²⁷ − 1ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். 126ஆம் உறுப்பு பூச்சியம் என்றால் எண் பகா எண். மேலே உள்ள ஏழும் 39 இலக்கத்துக்குள் அடங்குவதால் அவற்றுக்கு வகுத்தலே தேவையில்லை. எட்டாவதிலிருந்துதான் உண்மையான வேலை. மொத்தம் 125 வர்க்கங்கள், அதில் 119 முழு எடை கொண்டவை.

சின்ன எண்ணில் செய்து பார்த்தால் கை பழகும். அடுக்கு 7 என்றால் எண் 127. வரிசை: 3, 7, 47. அடுத்தது 2207; 127 × 17 = 2159ஐக் கழித்தால் 48. 48² − 2 = 2302; 127 × 18 = 2286 போக 16. 16² − 2 = 254 = 127 × 2. மீதி 0. ஆறாவது உறுப்பில் பூச்சியம். 127 பகா எண்.

இந்த 3ஐக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா அடுக்குக்கும் எடுத்துவிடக்கூடாது. அடுக்கை 4ஆல் வகுத்த மீதி 3 ஆக இருந்தால்தான் 3 செல்லும். அடுக்கு 5க்குப் போட்டுப் பாருங்கள்: எண் 31, வரிசை 3, 7, 16, 6. நான்காவது உறுப்பு 6, பூச்சியம் இல்லை. ஆனால் 31 பகா எண்தான். 7, 67, 107, 127 ஆகிய அடுக்குகளுக்கு 3 சரி. 61, 89க்குச் சரிவராது. 1930இல் டெரிக் ஹென்றி லேமர் இதைச் சீராக்கி, 4இல் தொடங்கினால் 2ஐத் தவிர்த்த எல்லாப் பகா அடுக்குக்கும் ஒரே விதி என்று நிறுவினார். இன்று லூக்காஸ்–லேமர் சோதனை என்றால் இதுதான். அடுக்கு 7இன் எண்ணான 127க்கு 4, 14, 67, 42, 111, 0 என்று போகும். இதில் படிகளை எண்ணுவதில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும்: அடுக்கு ப என்றால் ப − 2 வர்க்கங்கள். ஒரு சுற்று கூட ஓட்டினால் பூச்சியம் −2 ஆகி, அடுத்த சுற்றில் 2 ஆகி, அதன்பின் 2இலேயே நின்றுவிடும். நிரல் கடைசியில் 2 என்று காட்டினால் முதலில் சந்தேகப்படவேண்டியது சுற்று எண்ணிக்கையை.

127க்கு 127 பலகை

வகுத்தல்தான் கையால் செய்பவரின் எமன். இங்கே அந்த எமனுக்கு வேலையில்லை. 2¹²⁷ஐ இந்த எண்ணால் வகுத்த மீதி 1. எனவே இருமத்தில் இடங்களை 0இலிருந்து எண்ணினால், 126ஆம் இடத்தைத் தாண்டும் எதுவும் வட்டமாகச் சுற்றி 0ஆம் இடத்துக்கே வந்துவிடுகிறது. லூக்காஸ் இதைச் சதுரங்கக் காய்களால் ஆடும் ஆட்டமாகவே விவரித்தார். ஹனாய் கோபுரப் புதிரை உலகுக்குக் கொடுத்தவர் இவரே என்பதால் ஆச்சரியமில்லை.

பலகையில் 127 நெடுக்கை, 127 கிடக்கை. வர்க்கப்படுத்தவேண்டிய எண்ணை இருமத்தில் எழுது. 1 உள்ள இடத்தில் காய், 0 உள்ள இடத்தில் வெறுமை. அந்த எண்ணில் எந்தெந்த இடத்தில் காய் இருக்கிறதோ, அந்தந்த இடத்தளவு அதே அமைப்பை இடப்பக்கம் சுழற்றிக் கீழே ஒரு கிடக்கையாக வை. பிறகு நெடுக்கை நெடுக்கையாகக் கூட்டு: ஒரே நெடுக்கையில் இரண்டு காய் இருந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு இடப்பக்க நெடுக்கையில் ஒன்று வை. கடைசி நெடுக்கையிலிருந்து மிஞ்சுவது முதல் நெடுக்கைக்கு வரும். எல்லாம் ஒரு கிடக்கையில் அடங்கியதும் 2இன் இடத்திலிருந்து ஒரு காயை எடு. அங்கே காய் இல்லையென்றால் இடப்பக்கமிருந்து கடன் வாங்கு.

7க்கு 7 பலகையில் 48ஐ வைப்போம். 48 = 32 + 16, அதாவது காய்கள் 5ஆம், 4ஆம் இடங்களில். நான்கு இடம் சுழற்றினால் காய்கள் 9, 8ஆம் இடத்துக்குப் போகவேண்டும்; ஏழு இடமே இருப்பதால் 2, 1க்கு வரும். ஐந்து இடம் சுழற்றினால் 3, 2. கூட்டு: 1ஆம் இடத்தில் ஒன்று, 2இல் இரண்டு, 3இல் ஒன்று. 2இல் உள்ள இரண்டும் 3இல் ஒன்றாக, 3இல் இப்போது இரண்டு; அவை 4இல் ஒன்றாக. மிஞ்சியவை 4ஆம் இடமும் 1ஆம் இடமும்: 16 + 2 = 18. இரண்டு கழித்தால் 16. வகுத்தல் என்ற சொல்லே வரவில்லை.

எவ்வளவு நேரம் ஆகும்? 127 பிட் எண்ணில் சராசரியாகப் பாதி இடம் நிரம்பியிருக்கும்: 63 காய், 63 கிடக்கை, ஒரு வர்க்கத்துக்கு ஏறக்குறைய 4,000 காய்கள். வைக்க ஒரு நொடி, எடுக்க ஒரு நொடி என்றால் ஒரு வர்க்கத்துக்கு இரண்டேகால் மணி நேரம். 119 வர்க்கங்களுக்கு 260 மணி நேரத்துக்கு மேல். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகம். இதையும் பாதியாக்கலாம்: 5ஆம் இடமும் 9ஆம் இடமும் பெருகுவது இரண்டு முறை வருகிறது, ஒன்பதும் ஐந்தும், ஐந்தும் ஒன்பதும். இரண்டையும் வைப்பதற்குப் பதில் ஒரு காயை ஓரிடம் இடப்பக்கம் தள்ளி வைத்தால் போதும்.

பத்தடிமானத்தில் காகிதத்தில் செய்பவருக்கு வேறொரு துணை உண்டு. 2¹²⁷ − 1ஐ 9ஆல் வகுத்த மீதி 1 என்று பார்த்தோம். எனவே வர்க்கத்தின் 9-மீதி, ஈவு, மீதி இரண்டின் 9-மீதிகளின் கூட்டலுக்குச் சமமாகவேண்டும். 127க்கும் இதே பொருத்தம்: 67² = 4489 = 35 × 127 + 44. 67இன் 9-மீதி 4, வர்க்கம் 16, மீதி 7. 35 + 44 = 79, மீதி 7. ஒவ்வொரு படியிலும் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது. ஒரு படியில் ஓர் இலக்கம் பிசகினால் அதற்குப் பிறகு வரும் அத்தனையும் குப்பை.

பூச்சியம் ஏன் தானே சாட்சி

இப்போது தொடக்கக் கேள்விக்கு வருவோம். நடுவில் எங்கோ ஒரு காய் தவறியிருந்தால்?

தவறிய இடத்திலிருந்து வரிசை, நடைமுறையில் கண்டபடி உருளும் எண்களாகிவிடும். அப்படி உருண்ட எண் 126ஆம் இடத்தில் தற்செயலாகச் சரியாகப் பூச்சியத்தில் போய் விழ வாய்ப்பு 10³⁸இல் ஒன்று என்ற அளவு. ஆகவே பூச்சியம் வந்துவிட்டது என்றால் இரண்டு செய்திகள் ஒன்றாக வருகின்றன: எண் பகா எண், கணக்கிலும் பிழை இல்லை. பூச்சியம் வராவிட்டால் நிலைமை தலைகீழ். எண் பகு எண்ணாக இருக்கலாம், அல்லது கணக்கு பிசகியிருக்கலாம். விடையைப் பார்த்து இரண்டையும் பிரிக்க வழியில்லை.

லூக்காஸே இரண்டு பக்கத்தையும் தொட்டார். அதே 1876இல் 2⁶⁷ − 1 பகு எண் என்று மெர்செனுக்கு எதிராகச் சொன்னார். பூச்சியம் வரவில்லை என்பது மட்டுமே ஆதாரம். காரணி கையில் இல்லை. 1903இல் அமெரிக்காவின் ஃபிராங்க் நெல்சன் கோல் 193707721 × 761838257287 என்று பிரித்துக் காட்டியபோதுதான் யாரும் ஒரே பெருக்கலில் சரிபார்க்கும் ஆதாரம் கிடைத்தது. முதல் காரணியை மேலே சொன்ன சல்லடையில் போட்டால் 134 × 1445580 + 1. 1445580ஐ 4ஆல் வகுத்தால் மீதியில்லை. பொருந்துகிறது.

பூச்சியத்துக்கு முந்தைய படியில் இன்னொரு சாட்சியும் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. கடைசியில் பூச்சியம் வரவேண்டுமானால் அதற்கு முந்தைய எண்ணின் வர்க்கம் 2 ஆகவேண்டும். இந்த உலகில் 2இன் வர்க்கமூலம் எது? (2⁶⁴)² = 2¹²⁸ = 2 × 2¹²⁷, அதாவது 2. எனவே 125ஆம் உறுப்பு 2⁶⁴ அல்லது அதன் எதிர்மறையாகத்தான் இருக்கமுடியும். பலகையில் பார்த்தால், ஒரு மாத காலம் தாறுமாறாகக் கிடந்த காய்கள் திடீரென்று ஒழுங்காகி, 64ஆம் இடத்தில் ஒற்றைக் காய் மட்டும் நிற்கும். அல்லது அந்த ஓரிடம் மட்டும் காலியாக மற்ற 126 இடமும் நிரம்பியிருக்கும். அடுக்கு 7இல் இரண்டு வகையும் பார்த்தாயிற்று: 3இல் தொடங்கியபோது 16, அதாவது 2⁴, 4இல் தொடங்கியபோது 111, அதாவது 127 − 16. அதைப் பார்த்த பிறகு கடைசி வர்க்கத்தைப் போடாமலே எழுந்துவிடலாம்.

பூச்சியம் வந்தால் பகா எண்தான் என்பதற்கான நிறுவல் சிறியது. 4இல் தொடங்கும் வரிசையை எடுத்தால், 2 + √3 என்ற எண்ணையும் அதன் தலைகீழான 2 − √3ஐயும் ஒவ்வொரு படியிலும் வர்க்கப்படுத்திக் கூட்டுவதே அந்த வரிசை. 125 வர்க்கங்களுக்குப் பிறகு கூட்டல் பூச்சியம் என்றால், 2 + √3இன் 2¹²⁶ஆம் அடுக்கு −1. அப்படியானால் அது மீண்டும் 1க்கு வரச் சரியாக 2¹²⁷ படி வேண்டும். இப்போது நம் எண் பகு எண் என்று வைத்துக்கொள்வோம். அதன் மிகச் சிறிய பகாக் காரணியின் வர்க்கம் 2¹²⁷ − 1ஐத் தாண்டாது. அந்தக் காரணியை வைத்து மீதி பார்த்தால், √3உடன் சேர்த்து உண்டாகும் பூச்சியமல்லாத எண்கள் அந்த வர்க்கத்தைவிட ஒன்று குறைவு. அவ்வளவு சிறிய இடத்தில் 2¹²⁷ படி நீளமான சுற்று அடங்காது. முரண். ஆகவே காரணி இல்லை.

கணினியில் செய்யும்போது தவறுவது

இன்று எந்தக் கைப்பேசியும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடித்துவிடும் வேலை. ஆனாலும் புதிதாக எழுதப்படும் நிரல்கள் ஒரே இடங்களில் விழுகின்றன.

முதலாவது, பூச்சியத்தின் இரண்டு முகம். வகுத்தலுக்குப் பதில் மேல் பகுதியையும் கீழ் 127 பிட்டையும் கூட்டி மடிப்பதுதான் வழக்கம். வர்க்கத்திலிருந்து 2ஐக் கழித்துவிட்டு மடித்தால் நேர் எண்ணை மடிக்கிறோம். நேர் எண்ணை எத்தனை முறை மடித்தாலும் 0 வராது. 254 என்பது 1 × 128 + 126, மடித்தால் 127. அதாவது விடை பூச்சியமாக வராமல் அந்தப் பகா எண்ணாகவே, 127 ஒன்றுகளாக, வந்து நிற்கும். நிரல் 0உடன் மட்டும் ஒப்பிட்டால் பகா எண்ணைப் பகு எண் என்று சொல்லிவிடும். இரண்டோடும் ஒப்பிடவேண்டும்.

இரண்டாவது, சி மொழியில் 128 பிட் முழு எண்ணை நம்புவது. எண் அதில் அடங்கும். உண்மையில் 2¹²⁷ − 1 என்பது குறியுள்ள 128 பிட் முழு எண்ணின் உச்சவரம்பே. ஆனால் வர்க்கம் 254 பிட். மேல் பாதி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வெட்டப்படும். 64 பிட் துண்டுகளாகப் பிரித்து, மூன்று பெருக்கல்களாகச் செய்து, இரண்டு முறை மடிக்கவேண்டும்.

மூன்றாவதுதான் ஏமாற்றுவதில் கெட்டி: வர்க்க வரிசையை விட்டுவிட்டு, 2ஐ வைத்து ஃபெர்மா சோதனை போடுவது, அதாவது எண்ணிலிருந்து ஒன்று குறைத்ததை 2இன் அடுக்காக வைத்து மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. மெர்சென் வடிவ எண் ஒவ்வொன்றும், பகு எண்ணாக இருந்தாலும், இந்தச் சோதனையில் தேறிவிடும். 2இன் சுற்று நீளமே அடுக்கின் அளவு. அந்த அடுக்கு, எண்ணிலிருந்து ஒன்று குறைத்ததை வகுக்கும். ஆகவே விடை எப்போதும் 1. 2ஐ அடிப்படையாகக் கொண்ட மில்லர்–ராபின் சோதனையும் (ஃபெர்மா சோதனையின் கடுமையான வடிவம்) இதே காரணத்தால் பயனற்றது. அதை ஏமாற்றும் மிகச் சிறிய எண் 2047தான். அடிப்படையை 3 ஆக எடுத்தால் சோதனைக்கு உயிர் வரும். 4.1 கோடி இலக்கம் கொண்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 2024 அக்டோபரில் ஜிம்ப்ஸ் கூட்டுமுயற்சியில் முதலில் சிக்கியதும் ஃபெர்மா வகைச் சோதனையில்தான்; பகா எண் என்று உறுதி சொன்னது பிறகு ஓடிய லூக்காஸ்–லேமர் சோதனை. பூச்சியம் வராத எண்களுக்கு, இருவர் தனித்தனியே கணக்கிட்ட மீதியின் கடைசி 64 பிட்டை ஒப்பிடுவது அந்தக் கூட்டத்தில் நெடுநாள் வழக்கமாக இருந்தது.

பகா எண் என்று தெரிந்தபின் அதற்கு என்ன மதிப்பு

நிறைவெண் (தன்னைத் தவிர்த்த வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) ஒன்று உடனே கிடைத்தது: 2¹²⁶ × (2¹²⁷ − 1), 77 இலக்கம், வரிசையில் 12ஆவது. அழகுதான், வேறொன்றுக்கும் உதவாது.

1951இல் இந்த எண் அடித்தளக் கல்லானது. அந்த ஆண்டு ஃபெரியர் மேசைக் கணக்குப்பொறியால் (2¹⁴⁸ + 1)/17 என்ற 44 இலக்க எண்ணை நிறுவினார். கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் மில்லரும் வீலரும் 180 × (2¹²⁷ − 1)² + 1 என்ற 79 இலக்கப் பகா எண்ணைப் பிடித்தார்கள். இந்த வடிவம் தற்செயல் அல்ல. ஓர் எண்ணிலிருந்து ஒன்றைக் குறைத்ததன் காரணிகள் தெரிந்தால் அது பகா எண்ணா என்று உறுதிசெய்வது எளிது. இங்கே அந்தக் காரணிகளில் பெரும்பங்கு லூக்காஸின் எண்தான். அடுத்த ஆண்டு ஜனவரி 30இல் ராஃபேல் ராபின்சன் எழுதிய நிரல் ஸ்வாக் கணினியில் 2⁵²¹ − 1ஐயும் 2⁶⁰⁷ − 1ஐயும் ஒரே நாளில் கண்டது. அதோடு 39 இலக்கம் பழங்கதையானது.

மறைகுறியீட்டில் இதன் குணம் இரண்டு விதம். நல்ல பக்கம்: மடிப்பால் மீதி காண்பது மலிவு. 4ஆல் வகுத்த மீதி 3 என்பதால் −1க்கு வர்க்கமூலம் இல்லை. கலப்பெண் போல இரண்டு எண்களைச் சேர்த்துப் பெரிய களம் (கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் செல்லும் எண் தொகுதி) கட்டலாம். வர்க்கமூலம் எடுப்பது 125 முறை வர்க்கப்படுத்துவது, அவ்வளவுதான். ஆனால் பாதி எண்களுக்கு வர்க்கமூலமே கிடையாது என்பதால், விடையைத் திரும்ப வர்க்கப்படுத்திப் பார்க்காமல் பயன்படுத்தக்கூடாது. 2015இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் கோஸ்டெல்லோ, லோங்கா வெளியிட்ட ஃபோர்கியூ என்ற நீள்வட்ட வளைவு (elliptic curve) இந்தக் களத்தின் மேல்தான் நிற்கிறது.

கெட்ட பக்கம், வெறும் அடுக்குப் பெருக்கலை நம்பி இதை வைத்துச் சாவிப் பரிமாற்றம் செய்வது. ஒன்று குறைத்தால் எண் தூளாகிவிடுகிறது:

2¹²⁷ − 2 = 2 × 3³ × 7² × 19 × 43 × 73 × 127 × 337 × 5419 × 92737 × 649657 × 77158673929

மிகப் பெரிய காரணி 11 இலக்கம்தான். போலிக்–ஹெல்மன் முறை ஒவ்வொரு காரணிக்கும் தனித்தனியே மடக்கையை (மறைத்துவைத்த அடுக்கை) கண்டு ஒட்டவைக்கும். கடினமான துண்டுக்குக்கூட அந்தக் காரணியின் வர்க்கமூலமான சில லட்சம் படிகள்தான். 127 பிட் பூட்டு என்று நினைத்தால் உள்ளே இருப்பது 18 பிட் தாழ்ப்பாள்.

இதைவிட விசித்திரம் இரண்டின் களத்தில் நடந்தது. 2¹²⁷ உறுப்புகள் கொண்ட களத்தில் பெருக்கல் குழுவின் (பூச்சியமல்லாத உறுப்புகளின் கூட்டம்) அளவு 2¹²⁷ − 1. அதுவே பகா எண் என்பதால் 1ஐத் தவிர எந்த உறுப்பை எடுத்தாலும் அது முழுச் சுற்றையும் சுற்றிவரும். போலிக்–ஹெல்மன் நுழைய இடுக்கே இல்லை. அதனாலேயே அந்தக் களம் பாதுகாப்பானது என்று கருதப்பட்டது. 1984இல் டான் காப்பர்ஸ்மித் வேறொரு வாசல் வழியாக உள்ளே போய் அந்த மடக்கைகளையும் கணக்கிட்டுக் காட்டினார். குழுவின் அளவு பகா எண் என்பது ஒரு தாக்குதலை மட்டும்தான் தடுக்கும்.

அடுத்த படி

2, 3, 7, 127 என்று ஒவ்வொன்றையும் அடுக்காக வைத்து ஒன்று குறைத்துக்கொண்டே போனால் அடுத்தது 2¹²⁷ − 1. ஐந்தும் பகா எண்கள். அப்படியானால் இந்த 39 இலக்க எண்ணையே அடுக்காக வைத்தால்? இந்தப் போக்கை நம்பி முடிவுகட்டமுடியாது. 8191 பகா எண், ஆனால் அதை அடுக்காக வைத்துக் கிடைக்கும் எண் பகு எண் என்று 1953இல் தெரிந்துவிட்டது.

இங்கே வர்க்க வரிசை கைகொடுக்காது. எண்ணுக்கு ஏறக்குறைய 5.1 × 10³⁷ இலக்கங்கள். எத்தனை இலக்கம் என்று சொல்லவே 38 இலக்கம் வேண்டும். ஒரு வர்க்கம் போட அதை எழுதிவைக்க இடமில்லை. மிஞ்சுவது, லூக்காஸ் கைவிட்ட பழைய வழிதான்: காரணி தேடுவது. ஒருவேளை இருந்தால் அது 2க × (2¹²⁷ − 1) + 1 என்ற வடிவில் இருக்கும், க என்பதை 4ஆல் வகுத்த மீதி இங்கும் 0 அல்லது 1. க = 1 என்றால் 2¹²⁸ − 1; 3ஆல் வகுபடும், தள்ளு. தேறும் ஒவ்வொன்றையும் சோதிப்பது வியப்பூட்டும் அளவுக்கு மலிவு. 2ஐ எடு, அந்தக் காரணி வேட்பாளரால் மீதி பார்த்துக்கொண்டே 127 முறை வர்க்கப்படுத்து. மீண்டும் 2 வந்தால் அது காரணி.